இடது காதில் உடைந்த இழுப்பு

பெர்மாஸ் ஜெயாவில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக் கொடுப்பவர் சாந்தினி. உலு திராமில் நடனப் பள்ளி நடத்தும் அவருடைய தோழி ஷர்மினி, ஆண்டு விழாவுக்கு ஒரு பாட்டுக்கு இசையமைத்துத் தரும்படி கேட்டிருந்தார். வாசிக்க ஒப்புக்கொண்ட வயலின்காரர் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டார்.

"கம்ப்யூட்டர்லயே வயலினைப் போட்டுரு லா. யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் ஷர்மினி.

மென்பொருளில் சுரங்களை எழுதுவது சாந்தினிக்குப் பழகிய வேலைதான். ஒரே ஒரு இடம்தான் படுத்தி எடுத்தது. பாட்டின் நடுவில் வயலின், சட்ஜமத்திலிருந்து பஞ்சமம் வரை விரலை எடுக்காமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இரண்டு சுரத்துக்கும் நடுவே சாய்கோடு போட்டு ஒலிக்கவிட்டால், யாரோ படியேறுகிற மாதிரி ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்டது. சுருதி வளைய வேண்டிய பாதையைக் கையாலேயே வரைந்தார். பாதி வழியில் நின்றுவிட்டது. வளைவின் எல்லையைக் கூட்டினார். ஆம்புலன்ஸ் சைரன் போல ஊளையிட்டது. வயலின் வாசிப்பவர் முதல் சுரத்தில் சற்று நின்றுவிட்டுத்தான் கிளம்புவார், போகும்போது வில்லின் அழுத்தத்தைத் தளர்த்துவார் என்பது நினைவுக்கு வந்தது. அதேபோல முதல் பாதியை நேராக விட்டு, பிறகு வளைத்து, நடுவில் ஒலியைக் குறைத்தார்.

இழுப்பு உயிரோடு வந்தது. ஆனால் பாதியில் கரகரவென்று உடைந்தது. கிழிந்த ஸ்பீக்கர் மாதிரி.

அதைச் சரிசெய்யச் சில நாட்கள் போராடினார். வேறு வயலின் ஒலி, வேறு வளைவு, எதை மாற்றினாலும் அதே இடத்தில் அதே உடைசல். சனிக்கிழமை மத்தியானம் கணவர் மதிவாணனைக் கூப்பிட்டார்.

"ஏங்க, இதைக் கொஞ்சம் கேளுங்க. எங்க உடையுதுன்னு சொல்லுங்க."

அவர் ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டார். "உடையலையே. நல்லாத்தானே வழுக்கிட்டுப் போகுது."

சாந்தினி வாங்கி மாட்டினார். உடைந்தது. ஹெட்ஃபோனை வலம் இடமாகத் திருப்பி மாட்டினார். அப்போதும் உடைசல் இடது காதிலேயே இருந்தது. வலது பக்கத்தை விலக்கி, அந்தக் காதைப் பொத்திக்கொண்டார். வயலின் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே தேய்ந்து காணாமல் போனது.

ஹெட்ஃபோனைக் கழற்றினார். "மென்பொருள்ல ஒன்னும் இல்லங்க. எனக்குத்தான்."

மதிவாணன் உடனே கார் சாவியை எடுத்தார்.

மருத்துவமனையில் காது நிபுணர் ராஜசேகரன் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "எப்பலருந்து இப்படி?" என்றார்.

"இந்த வாரம் ஆரம்பத்துலருந்து டாக்டர். பாட்டுலதான் கோளாறுன்னு நெனச்சேன்."

"காது நரம்பு திடீர்னு பலவீனமாயிருக்கு. இன்னும் தள்ளிப் போட்டிருந்தா மருந்து வேலை செய்றதே கஷ்டம். இப்பவும் முழுசாத் திரும்பும்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது."

மாத்திரைகளோடு வீடு திரும்பிய சாந்தினி வகுப்புகளை நிறுத்தினார். குழாயைத் திறந்து தண்ணீர் சத்தத்தை இடது காதால் கேட்பார். பிறகு கேட்கவே பயந்து குழாயை மூடிவிடுவார். மற்ற காதும் இப்படிப் போய்விட்டால் என்ற நினைப்பு சோற்றை இறங்கவிடவில்லை. மதிவாணன் இடது பக்கமிருந்து கூப்பிட்டால் திடுக்கிட்டார். எங்கிருந்து குரல் வருகிறதென்றே தெரியவில்லை.

ஷர்மினியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் அழுதார். பிறகு தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சாந்தினி வளைவை வரைவார், ஷர்மினி கேட்டுச் சொல்வார்: "கொஞ்சம் சீக்கிரமா கிளம்புது. இப்ப சரி. இப்ப ஆள் வாசிக்கிற மாதிரி இருக்கு."

விழாவில் பாட்டு ஓடியது. அந்த இழுப்பு வந்தது. மேடையில் பெண்கள் சுழன்றார்கள். வலது காதுக்குள் வயலின் மேலேறிப் போனது. இடது காதில் தூரத்துக் காற்று மாதிரி ஏதோ வந்தது.

அடுத்த பரிசோதனையில் இடது காதுக்குக் கீழ்ச் சுரங்கள் திரும்பியிருந்தன. உச்சத்தில் உள்ளவை இன்னும் வரவில்லை. "காத்திருந்து பாப்போம்" என்றார் டாக்டர். சாந்தினி மறுபடி வகுப்பு எடுக்கிறார், பிள்ளைகளை வலது பக்கமாக உட்காரவைத்து. பயம் மட்டும் போகவில்லை.