ஒண்ணாங்காலத்தில் வெட்டிய புல்

புல் வெட்டும் தொழிலில் ஒருவனுக்கு முதல் எதிரி வெயிலும் இல்லை, தண்ணீர்ப் பஞ்சமும் இல்லை, “ஒரு மாட்டை அவுத்துவிட்டா முடிஞ்சு போச்சு, இதுக்கு ஒரு ஆளு வேணுமாலே?” என்று கேட்கும் சொந்தக்காரர்கள்தான்.

என்னிடம் அதைக் கேட்டவர் என் அண்ணன். தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். அந்தக் கடைக் கல்லாவில் எனக்கு ஒரு நாற்காலி தயாராக இருந்தது. எவர்சில்வர் சத்தத்துக்கு நடுவே ஆயுசு முழுக்க உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும். தீபாவளி வரைக்கும் தவணை கேட்டேன். அதற்குள் தொழில் நிலைக்காவிட்டால் கல்லாவுக்கு வந்துவிடுவதாக வாக்கும் கொடுத்தேன். சொந்தத் தொழில் தொடங்கிச் சொந்தக்காரர்களிடம் மாட்டிக்கொண்ட அன்பர்களுக்கு, என் நிலைமையை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

பூனைப் படை

ஏதோ ஒரு கிளப்பில் கழித்துப்போட்ட, கையால் தள்ளும் மெஷின் ஒன்று வாங்கினேன். பக்கத்து வீட்டு போன் நம்பரைப் போட்டு நோட்டீஸ் அடித்தேன். கூட்டாளியாக ஊரூர் குப்பத்து ஆறுமுகம் சேர்ந்தார். சொந்தமாக மூன்று சக்கர மீன்பாடி வண்டி வைத்திருந்தார். விடிகாலையில் அதில் மீன் போகும். எட்டு மணிக்கு மேல் எங்கள் மெஷின் போகும்.

முதல் வாடிக்கை மயிலாப்பூரில் ஒரு மாமி வீடு. வண்டியைக் கழுவவேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. மெஷின் ஒரு சுற்று போவதற்குள் மதில் மேல் ஒரு பூனை வந்தது. அடுத்த சுற்றில் நாலைந்து சேர்ந்து, மெஷினுக்குப் பின்னாலேயே சாமி ஊர்வலத்துக்குப் போவதுபோல் பக்தியோடு நடந்தன. மாமி மூக்கைப் பிடித்தபடி வாசற்படியில் நின்று சொன்னார்: “புல் வெட்டினது போறும். பூனையையும் கையோட அழைச்சுண்டு போயிடுங்கோ.”

எந்தப் பிள்ளையாருக்கு?

இரண்டாவது வீடும் மயிலாப்பூர்தான். இந்தத் தடவை வண்டியைச் சீயக்காய் போட்டுக் கழுவியிருந்தோம். கொரியன் புல் போட்ட சின்னத் தோட்டம்; அதில் நடுநடுவே அருகம்புல் ஏறியிருந்தது. புத்தகத்தில் படித்த அறிவை முழுசாகக் காட்டவேண்டும் என்று குந்தி உட்கார்ந்து, ஒரு வேர்கூட விடாமல் பிடுங்கிப் போட்டேன். தோட்டம் படத்தில் வருவதுபோல ஆகிவிட்டது. எனக்கே என் மேல் ஆசையாக இருந்தது.

வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற வாத்தியார், குளித்துவிட்டுக் கையில் பித்தளைத் தட்டோடு வந்தார். தினமும் பூஜைக்கு அருகம்புல் கிள்ளுவது அங்கேதான். அன்றைக்கென்று சங்கடஹர சதுர்த்தி வேறு. அவர் கோபப்படவே இல்லை. தோட்டத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: “இந்தக் கொரியாப் புல்லை நான் எந்தப் பிள்ளையாருக்குப் போடறது?”

சரளி வரிசை

பெசன்ட் நகரில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பாட்டு டீச்சர் வீடு. வீட்டுக்கு முன்புறம் நல்ல புல்தரை. உள்ளே எப்போதும் பிள்ளைகள் சரளி வரிசை பாடிக்கொண்டிருக்கும். அந்த வீட்டுக்குப் போகும் நாட்களில் எனக்கு அண்ணன் நினைப்பே வராது. கடல் காற்று, வெட்டிய புல்லின் பச்சை வாசனை, ஜன்னல் வழியாக வரும் ஸரிகம எல்லாம் சேர்ந்து என்னை எங்கேயோ கொண்டுபோய்விடும். நான் மெஷினைத் தள்ளுகிறேனா, மெஷின் என்னை இழுக்கிறதா என்றே தெரியாது. அந்த மாதிரி சந்தோஷமாக நான் அதற்கு முன் எங்கேயும் வேலை செய்ததில்லை.

ஒருநாள் பாட்டு நின்றுவிட்டது. டீச்சர் வெளியே வந்தார். சத்தத்துக்குத் திட்டப்போகிறார் என்று நினைத்து மெஷினை ஓரம் கட்டப் போனேன். அவர் கையசைத்துத் தடுத்தார். “நீங்க ரெண்டாங்காலத்துல தள்றீங்க, பிள்ளைங்க ஒண்ணாங்காலத்துல பாடுதுங்க. கொஞ்சம் மெதுவா தள்ளுங்க, போதும்.”

தூங்கும் புல்

அந்தக் கோடை எங்களைப் பழிவாங்கிவிட்டது. தெருவுக்குத் தெரு குடங்கள் லாரிக்காக வரிசையில் நிற்க, புல்லுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள் என்று யாரிடம் போய்ச் சொல்வது? ஒவ்வொரு வீடாக எங்களை நிறுத்தியது. பாட்டு டீச்சரும் கணவருக்கு மாற்றல் வந்து வேறு ஊருக்குப் போனார். மிஞ்சியது அடையாறில், கணவனை இழந்து தனியாக இருந்த ஓர் அம்மாவின் பழைய பங்களா மட்டும்தான். அங்கேயும் புல் காய்ந்து தேங்காய் நார் நிறத்துக்கு வந்துவிட்டது.

புல் சாகவில்லை, வேர் உயிரோடுதான் இருக்கிறது, மழை வரும்வரை தூங்குகிறது என்று அந்த அம்மாவிடம் தைரியமாகச் சொல்லிவிட்டேன். ஆவணி போய்ப் புரட்டாசியும் வந்துவிட்டது. அண்ணன் கடையில் தீபாவளிச் சரக்கு இறங்க ஆரம்பித்திருந்தது. வெட்ட ஒன்றுமில்லாமல் நான் மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே இருந்தேன். ஆறுமுகம் தூங்குமூஞ்சி மரத்தடியில் துண்டை விரித்தார். “புல்லே தூங்கிக்கினு கீது, நாம மட்டும் இன்னாத்துக்கு நைனா முழிச்சுக்கினு கீறோம்?”

அண்ணன் வந்தார்

ஐப்பசி பிறந்து நாலு நாள் நல்ல மழை. ஐந்தாம் நாள் காலை பங்களா கேட்டைத் திறந்தால் தரை முழுக்கப் பச்சை பூத்திருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வாசலில் ஆட்டோவில் அண்ணன் வந்து இறங்கினார். தீபாவளிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. கையோடு என்னைக் கடைக்கு அழைத்துப்போக வந்திருந்தார். ஒரே ஒரு வாடிக்கையை வைத்துக்கொண்டு அவரிடம் என்ன வாதாடுவது? மெஷினைத் துடைத்து வைத்துவிட்டுக் கிளம்பத் தயாரானேன்.

அதற்குள் வீட்டு அம்மா வெளியே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று நடந்து பாருங்கள் என்று அண்ணனிடம் சொன்னார். மரியாதைக்காகத்தான் இறங்கினார். பதினெட்டு வயதிலிருந்து கல்லாவில் உட்கார்ந்த மனிதர். முதல் சுற்றை ஏதோ கணக்குப் பார்ப்பதுபோல நடந்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். மரத்திலிருந்து மழைத்துளி தலையில் விழுந்ததைத் துடைக்கவில்லை. ஆட்டோக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பயத்தோடு நின்றேன்.

கடைசியில் என் பக்கத்தில் வந்து, ஈரக் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “கல்லாவுக்கு நான் வேற ஆளு பாத்துக்கிடுதேன். நாளைக்கும் இதே நேரத்துக்கு நான் வரலாமான்னு அந்த அம்மாட்ட கேட்டுச் சொல்லு.”

அதற்குப் பிறகு எத்தனையோ வாடிக்கைக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். ஆனால் இந்தப் பக்கம் உயரமாக இருக்கிறது, அந்தப் பக்கம் மொட்டையாக இருக்கிறது என்று தினமும் குறை சொன்னவர், அந்தப் புல்லில் ஓசியில் நடந்த என் அண்ணன் ஒருவர்தான்.