நாற்பத்தாறு பக்கத்தில் இல்லாத டீ

அறுபத்தாறு வயதில் வேலையை விட்டேன். ஹைதராபாத் பேகம்பேட்டில், மருந்துக் கடைகளுக்கு மொத்தமாகச் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றின் கணினிகளைப் பத்தொன்பது ஆண்டுகள் நான்தான் பார்த்துக்கொண்டேன். பதினொரு சர்வர்கள். அவை ஓடினால்தான் பில் வரும், பில் வந்தால்தான் திங்கட்கிழமை காலை வண்டிகள் கிளம்பும். நான் போன பிறகு ஒருநாள் எல்லாம் நின்றுபோய், திரும்ப எழுப்பத் தெரியாமல் இவர்கள் தவித்தால்? அந்தப் பயத்தில்தான் எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். நாற்பத்தாறு பக்கம் வந்தது.

என் இடத்துக்கு வந்த பெண் கோயம்புத்தூர்க்காரர். முழுவதும் படித்துவிட்டு வந்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். ஆனா செஞ்சு பாத்தாத்தானுங்க தெரியும். ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் நிறுத்திட்டு, இதைப் பாத்து நானே எழுப்பறேன். நீங்க வாயே தொறக்கக் கூடாது."

ஞாயிறன்று பில்லிங் மேலாளரும் வந்திருந்தார். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். "அங்கிள் பேசாம இருக்கறதப் பாக்கணும்னே இன்னிக்கு சர்ச்சுக்குப் போகல" என்றார்.

அந்தப் பெண் ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தார். முதலில் தகவல்களெல்லாம் இருக்கும் வட்டுப்பெட்டி, அடுத்து முதல் சர்வர். எழுதியபடியே செய்தார். திரையில் சிவப்பு எழுத்து: வட்டு இல்லை. எல்லாவற்றையும் நிறுத்தி முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடியும் சிவப்பு. நான் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து அந்தப் பக்கத்தை வரிவரியாகப் படித்தேன். ஒரு வரிகூடத் தப்பாக இல்லை. வாயைத் திறக்கலாம் என்றாலும் சொல்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை. மறுநாள் திங்கட்கிழமை.

மூன்றாவது முறை பெட்டியின் சுவிட்சைப் போட்டதும் மேலாளர்தான் உருது கலந்து கேட்டார். "கைக்கு, ஏன் இங்கயே நிக்கறீங்க அங்கிள்? பெட்டியப் போட்டதும் கீழ போய் சாய் குடிப்பீங்களே?"

போவேன். பத்தொன்பது ஆண்டுகளில் முப்பத்தொரு முறை இவற்றை நிறுத்தி எழுப்பியிருக்கிறேன். முப்பத்தொரு முறையும் பெட்டியைப் போட்டுவிட்டு, எதிரிலிருக்கும் இரானி டீக்கடைக்குப் போய், ஒரு டீயும் இரண்டு உஸ்மானியா பிஸ்கட்டும் சாப்பிட்டுத் திரும்பியிருக்கிறேன். அந்த நேரத்தில்தான் பெட்டி தன் வட்டுகளை ஒவ்வொன்றாகச் சுழலவிட்டுத் தயாராகியிருக்கிறது. காத்திருக்க வேண்டும் என்று எனக்கே தெரியாது.

மூவரும் கடைக்குப் போய்த் திரும்பினோம். பதினொன்றும் எழுந்தன.

மேலாளர் சிரித்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "இந்த மாதிரி இன்னும் என்னென்ன பண்றீங்க சார்?" என்றார்.

வேலையில் எனக்கு மீதியிருந்த ஒன்பது நாளும் நான் போகும் இடமெல்லாம் பேனாவோடு பின்னாலேயே வந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தால் நடப்பது எப்படி என்றுகூட மறந்துவிடும் என்று ஒருமுறை கத்தினேன். "பரவால்லைங்க" என்று அதையும் குறித்துக்கொண்டார்.

கடைசி நாள் மாலை, தார்நாகா வீட்டுக்குப் பேருந்தில் வரும்போது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் அறையை விட்டுக் கிளம்புமுன் நான்காவது சர்வரின் முதுகில் கையை வைத்துச் சூடு பார்ப்பேன். அதைக் குளிரவைக்கும் விசிறி நின்றாலும் எச்சரிக்கை வராது. அதை நான் எழுதவே இல்லை. உடனே போன் செய்தேன்.

"அத நானே சேத்துட்டேனுங்க சார். நாப்பத்தேழாம் பக்கம். வேற ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இருக்கும்மா. எனக்குத்தான் தெரியல" என்றேன்.