வலது கையும் ஒரு பெடலும்

என் அக்காவுக்குத் தெருவில் 'குறடு' என்று பெயர். பல் மருத்துவமனையில் டாக்டரின் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. இதுவரை ஒரு பல்லைக்கூட அவள் பிடுங்கியதில்லை. "பிடுங்கறது அவரு, பேரு எனக்கு" என்பாளே தவிர, அதற்காக அவள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. குறடு அக்கா வீடு என்று சொன்னால் குழாய் ரிப்பேர்காரர்கூடச் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிறார். அந்த மரியாதையை எதற்குக் கெடுத்துக்கொள்வது?

எதைத் திறப்பதாக இருந்தாலும் முதலில் தட்டு வைப்பாள். எந்தக் கருவி முதலில் வேண்டுமோ அது கைக்குப் பக்கத்தில், கடைசியில் வேண்டியது தள்ளி. மூடுவதற்கு முன்னும் தட்டைப் பார்ப்பாள், ஏதாவது உள்ளேயே தங்கிவிட்டதா என்று. வீட்டில் மிக்சி மக்கர் செய்தாலும் இதே சடங்குதான். கழற்றிய திருகாணிகளை வைப்பதற்கென்று ஓர் அட்டை வைத்திருக்கிறாள். மேல்தாடை, கீழ்த்தாடை என்று பல்வரிசை அச்சடித்த மருத்துவமனை அட்டை. அதன்மேல் மெழுகு தடவியிருக்கும். முன்பக்கத்துத் திருகாணி முன்பல்லில் ஒட்டும், ஓரத்துத் திருகாணி கடைவாய்ப்பல்லில். "ஞானப்பல் எங்கடி போச்சு?" என்று அவள் மேசைக்கடியில் குனிந்தால், பின்மூலைத் திருகாணி உருண்டுவிட்டது என்று அர்த்தம்.

கேம் கன்சோலைத் திறக்கும் பழக்கமும் மருத்துவமனையில்தான் ஆரம்பித்தது. காத்திருக்கும் பிள்ளைகளுக்காக டாக்டர் ஒரு பழைய கன்சோலை வாங்கி வைத்திருந்தார். டிஸ்க் சுற்றும் மோட்டார் போனதும் தூக்கிப் போடச் சொல்லிவிட்டார். இவள் வீட்டுக்குத் தூக்கிவந்தாள். கம்பெனி கொடுக்கிற ஆட்டம் மட்டும்தான் அந்தப் பெட்டியில் ஓடும் என்பது பூட்டுதானே தவிர இயற்கை விதி அல்ல என்று இணையத்தில் படித்துக் கண்டுபிடித்தாள். அந்தப் பூட்டைத் திறந்தால் வேறொரு உலகம். எங்கெங்கோ இருக்கும் ஆட்கள் வீட்டில் உட்கார்ந்து தாங்களே எழுதி, கேட்பவர்களுக்கெல்லாம் சும்மா கொடுக்கிற மென்பொருள்கள். பல் துலக்குகிற ஆட்டம் ஒன்றைக்கூட யாரோ எழுதி வைத்திருந்தார்கள். அதை ஏற்றி, டிஸ்க்கே இல்லாமல் ஓடவிட்டு, பெட்டியைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தாள். இப்போதும் அங்கே பிள்ளைகள் அழுகிறார்கள்தான். உள்ளே கூப்பிட்டால் ஆட்டத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அழுகிறார்கள்.

இந்தக் கன்சோல்காரர்கள் கூடிப் பேசும் இணையக் குழுவில் அவள் பெயர் 'கடைவாய்ப்பல்'. பாதிப் பேர் அவளை ஓய்வுபெற்ற டாக்டர் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஓரிருவர் ஈறு வீக்கத்துக்கு யோசனை கேட்டும் எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு எப்போதும் ஏதாவது ஒரு பயம். "இதெல்லாம் சட்டப்படி சரிதானாக்கா?" என்று போனில் கேட்டேன்.

"பெட்டி டாக்டர் காசு குடுத்து வாங்கினது. ஆட்டம் எழுதினவங்களே சும்மா குடுக்கறது. திருட்டு ஆட்டம் ஏத்திக் கொடுன்னு மாடிவீட்டுக்காரன் கேட்டான், முடியாதுன்னுட்டேன். சொந்தப் பல்லுக்குத்தான் வைத்தியம் பாப்பேன், பக்கத்து வீட்டுப் பல்லைப் பிடுங்கித் தரமாட்டேன்."

நான் விடுமுறையில் அவள் வீட்டுக்குப் போனபோது மேசைமேல் தட்டு தயாராக இருந்தது. இந்தமுறை விஷயம் பெரிது.

அத்தானுக்கு அச்சகத்தில் வேலை. போன வருடம் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் இடது கை மாட்டிக்கொண்டது. விரல்கள் தப்பின, மடங்குவதுதான் இல்லை. ஆறிய பிறகு சரிபார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். சட்டைப் பித்தான் போடுவது, கதவுப் பூட்டைத் திறப்பது, வண்டி ஓட்டுவது என்று ஒவ்வொன்றாகத் திரும்பப் பிடித்துவிட்டார். ஒன்றை மட்டும் கைகழுவிவிட்டார்: வெள்ளிக்கிழமை ஆட்டத்தை.

வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் அவர் தம்பி வந்துவிடுவான். மரச்சாமான் கடையில் டெலிவரி வேலை. தொட்டதெல்லாம் ஒரு கீறலோடுதான் திரும்பும் என்பதால் அண்ணன் வைத்த பெயர் 'சேதாரம்'. இரண்டு பேரும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து கன்சோலில் கால்பந்து ஆடுவார்கள்; தெருவே கேட்கத் திட்டிக்கொள்வார்கள். அத்தானுக்கென்று அதில் ஓர் அணி உண்டு. பொடிப் பையன்களாக எடுத்து வருடக்கணக்காக வளர்த்தது. அச்சகத்து ஆட்களின் பெயர்களை வைத்திருந்தார். கோல்கீப்பர், அவருடைய ஃபோர்மேன். கோல் விழும்போதெல்லாம் ஃபோர்மேனை வாய்விட்டுத் திட்டலாமே.

அந்த ஆட்டத்தில் ஓடுவதற்கு இடது கட்டைவிரல் வேண்டும். விபத்துக்குப் பிறகு ஒரே ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டு, கன்சோலைத் துணியில் சுற்றித் தம்பி கையில் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு தம்பி வந்தான், டீ குடித்தான், சேர்ந்து செய்தி பார்த்தான். பிறகு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வந்தான். பிறகு போன் மட்டும்.

"கை போனதுக்கு நான் அழுது முடிச்சாச்சு" என்றாள் அக்கா. "அண்ணனும் தம்பியும் இப்படி விட்டுப்போறதுக்கும் சேத்து அழ எனக்கு இஷ்டமில்ல."

அவள் திட்டம் இது. ஓட்டத்தை வலதுபக்கக் குச்சிக்கு மாற்றுவது. பந்தைத் தட்டிவிடுவதை வலதுபக்கத் தோள் பட்டன்களுக்குக் கொண்டுபோவது. அதற்குத் தேவையான சின்ன மென்பொருளைக் குழுவில் கேட்டு வாங்கி, வெட்டி ஒட்டி, இவளே முடித்திருந்தாள். கோலை நோக்கி உதைப்பதற்குத்தான் விரல் மிச்சமில்லை. அதற்கு டாக்டர் கழித்துப்போட்ட பழைய கால் பெடலைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். பல் குடையும் இயந்திரத்தைக் காலால் அழுத்தி ஓட்டுவார்களே, அந்தப் பெடல்.

"காலால உதைக்கிற ஆட்டத்தை இத்தனை வருஷமா கையால ஆடிட்டிருந்தாங்க ரெண்டு பேரும்" என்று சிரித்தாள்.

பெட்டி இதையெல்லாம் ஏற்றுக்கொள்ள வேண்டுமென்றால் அதன் பூட்டு திறக்க வேண்டும். அந்தப் பழைய பதிப்பில் ஓர் ஓட்டை இருந்தது. மெமரி கார்டைச் செருகினாலே உள்ளே நுழைந்துவிடலாம், திருகாணியைத் தொடக்கூட வேண்டாம். அதனால் கொழுந்தனுக்குப் போன் செய்து, பெட்டியை இருக்கிறபடியே கொண்டுவரச் சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை மதியம் சேதாரம் வந்தான். பெட்டி பளபளவென்று இருந்தது.

"தொடச்சியா?" என்றாள் அக்கா.

"தொடச்சேன் அண்ணி. ஓட்டிப் பாத்தேன், நல்லா ஓடுது. அப்டேட்கூட பண்ணிட்டேன்."

அக்கா தட்டிலிருந்த மெமரி கார்டை எடுத்து அலமாரியில் வைத்தாள். அப்டேட் என்பது கம்பெனி அந்த ஓட்டையை அடைக்க அனுப்பிய சிமென்ட் என்று எனக்கே தெரிந்திருந்தது.

"ஏன்டா பண்ண?"

"போட்டதும் கேட்டுச்சு, 'அப்டேட் பண்ணவா'ன்னு. வேணாம்னேன். திரும்பக் கேட்டுச்சு. எவ்ளோ நேரம்தான் கேக்கும், பாவம். அண்ணன் பெட்டி, குடுக்கும்போது நல்லபடியா குடுக்கணும்ல?"

"நல்லபடியா பூட்டிக் குடுத்திருக்க."

விஷயம் புரிந்ததும் அவன் முகம் விழுந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தவன் தன் இரண்டு கைகளையும் முழங்காலுக்கடியில் வைத்துக்கொண்டான், இனி எதையும் தொடுவதில்லை என்பதுபோல.

வழி இன்னும் ஒன்று இருந்தது. பெட்டியைத் திறந்து, போர்டிலிருக்கும் மெமரி சிப்பின்மேல் ஒரு கிளிப்பைக் கடிக்கவிட்டு, அதிலிருப்பதை லேப்டாப்பில் நகலெடுத்து, நகலைத் திருத்தி, திரும்ப எழுதுவது. அக்கா ஏற்கெனவே செய்து பழகியவள்தான். ஆனால் அத்தானின் அணி இருக்கிற ஹார்ட் டிஸ்க்குக்குச் சாவி அந்தச் சிப்பில்தான் இருக்கிறது. எழுதுவது பிசகினால் பெட்டியும் போகும், அணியும் போகும்.

"அத்தான்கிட்ட சொல்லாமலே செஞ்சிடேன்" என்றேன் நான். "சரியா வந்துட்டா சொல்லிக்கலாம்."

"வாயில கை வைக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணப் போறோம்னு சொல்லணும். சொல்லாம வச்சா கடிப்பாங்க."

அத்தான் உள்ளறையில் பழைய பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்டாள். மேசை, பெடல், தட்டு, தலைகுனிந்த தம்பி எல்லாவற்றையும் பார்த்தார். அவள் எதையும் மறைக்காமல் சொன்னாள்.

"பையங்க மொத்தமா போயிடுவாங்களா?"

"போகலாம். போக விடமாட்டேன்னுதான் நினைக்கறேன். ஆனா போகலாம்."

அவர் பெடலைக் காலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். கிரீச்சென்றது.

"ஆட முடியாத டீமை வச்சுக்கிட்டு என்ன பண்றது, சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டறதா? திற."

பல்வரிசை அட்டையில் திருகாணிகள் ஏறின. அக்கா கிளினிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். மூடியைத் தூக்கும்போது, "இப்ப லேசா கூசும்" என்றாள் பெட்டியிடம். சேதாரத்துக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான்.

கிளிப் பொருந்தியது. ஒருமுறை நகல் எடுத்தாள். மறுபடியும் எடுத்தாள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த லேப்டாப் ஒத்துப்போகவில்லை என்றது. மறுபடி எடுத்தாள், அது முன்னிரண்டோடும் ஒத்துப்போகவில்லை.

"எவ்ளோ வித்தியாசம் அண்ணி?"

"கொஞ்சம்தான்."

"கொஞ்சம்தானே? அப்ப எழுதிடலாமே."

"வலதுபக்கப் பல்லுக்குப் பதிலா இடதுபக்கப் பல்லைப் பிடுங்கினாலும் கொஞ்சம்தான்டா வித்தியாசம்."

நான் அத்தானைப் பார்த்தேன். விட்டுவிடச் சொல்வாரோ என்று பயந்தேன். அவரோ நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டார். அச்சகத்தில் நிறம் சேராதபோது இப்படித்தான் உட்கார்ந்திருப்பார் போலும்.

"கிளிப் சரியா கடிக்கல" என்றார். "சிப்போட கால்ல அழுக்கு இருக்குமோ? எங்க மெஷின்லயும் பிளேட்டுல மை காஞ்சிருந்தா இப்படித்தான், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி விழும்."

"அதைத்தான் நானும் பாக்கறேன்." சின்ன பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் தோய்த்து, ஈறு ஓரத்தைச் சுத்தம் செய்வதுபோலச் சிப்பின் கால்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். உலரவிட்டு, கிளிப்பைத் திரும்பப் பொருத்தினாள். நகல் எடுத்தாள். இன்னொன்று எடுத்தாள். இரண்டும் அச்சு அசலாக ஒன்று. அதற்குப் பிறகும் இன்னொன்று எடுத்தாள். மாற்றமில்லாத ஒரு நகலைத் தனியாக வேறொரு கார்டில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டுத்தான் திருத்தியதை எழுத ஆரம்பித்தாள்.

எழுதி முடிந்தது. டிவியோடு இணைத்துப் பட்டனை அழுத்தினாள். திரை கறுப்பாகவே இருந்தது. சேதாரம் முழங்காலுக்கடியிலிருந்த கைகளை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

"மயக்கம் தெளிய நேரமாகும்" என்றாள் அக்கா. குரலில் ஒரு பிசிறுகூட இல்லை.

பெட்டி ஒரு முனகல் முனகியது. விளக்கு பச்சையானது. திரையில் கம்பெனியின் முத்திரை, அதற்கு அடியில் யாரோ முகம் தெரியாத ஆள் எழுதிய ஒரு சின்ன மெனு. ஆட்டத்தைத் திறந்தாள். பையன்கள் வரிசையாக நின்றார்கள். கோல் கம்பத்தில் ஃபோர்மேன்.

"அந்த ஆளு மட்டும் போயிருந்தா பரவால்ல" என்றார் அத்தான்.

பட்டன்களை மாற்றும் மென்பொருளை ஓடவிட்டு, பெடலைச் செருகி, மேசைக்கடியில் தள்ளினாள். அத்தான் கண்ட்ரோலரைத் தொடையில் வைத்து வலது கையால் அணைத்துக்கொண்டார். தம்பி இன்னொன்றை எடுக்கத் தயங்கினான்.

"எடுடா. அதை உடைக்க முடியாது, நான் ஏற்கெனவே உடைச்சு ஒட்டினது" என்றாள் அக்கா.

முதல் சில நிமிடங்கள் அத்தானின் ஆட்கள் குடித்துவிட்டு வந்தவர்கள்போல ஓடினார்கள். பந்து ஒருபக்கம், ஆள் ஒருபக்கம். பிறகு மெல்ல மெல்லப் பிடிபட்டது. மையப் பகுதியிலிருந்து ஒருவன் பந்தோடு கிளம்பினான். எதிரே நின்ற தம்பியின் தடுப்பாட்டக்காரன் நைசாக விலகி வழிவிட்டான். இன்னொருவனும் விலகினான். அத்தான் பெடலை மிதித்தார். கோல்.

சேதாரம் கைதட்டினான். அத்தான் தட்டவில்லை. ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"அவன் எங்கடா போனான்?"

"யாரு?"

"உன் ஆளுதான். பந்து வர்ற நேரத்துல டீ குடிக்கப் போறானா?"

"இல்லண்ணா, அது வழுக்கி..."

"எனக்குக் கைதான் மடங்கல, கண்ணு தெரியுது. பிச்சை போடறதா இருந்தா பெட்டிய எடுத்துக்கிட்டுக் கிளம்பு. ஆடறதா இருந்தா ஆடு."

தம்பி அண்ணியைப் பார்த்தான். அவள் தட்டிலிருந்த கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை. அவன் நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

"முதல்லருந்து போடு" என்றான். "அப்புறம் ஃபோர்மேனைத் திட்டாத."

அவன் கருணை காட்டவில்லை. ஃபோர்மேனின் காலுக்கிடையில் ஒன்று, தலைக்குமேல் ஒன்று என்று கோல்கள் விழுந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அத்தான் திட்டின திட்டில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்து, பார்த்துவிட்டு, மூடிக்கொண்டது. ஒரு கோலைக்கூட அவரால் திருப்பிப் போட முடியவில்லை. கடைசி விசில் ஊதியபோது அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"இந்தப் பெடல் ரொம்ப லேட்டா உதைக்குது" என்றார் அக்காவிடம். "நான் மிதிச்சு, அது யோசிச்சு, அப்புறம் உதைக்கறதுக்குள்ள இவன் வந்துடறான். தரையில வேற வழுக்குது. ஓடற குச்சியும் ரொம்ப லூசு."

"வேற?"

"பாஸ் பட்டன் ரெண்டையும் இடம் மாத்து. வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாம் சரியா இருக்கணும்."

"இந்த வெள்ளிக்கிழமையா அண்ணா?" என்றான் தம்பி.

"பின்ன எந்த வெள்ளிக்கிழமை? வேலை முடிஞ்சதும் நேரா வா."

அக்கா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். "இன்னொரு தடவை மிதிங்க, பாக்கறேன்" என்றாள்.