சரிவுக்குக் கழித்த தூரம்

சுனாமி வந்த மூன்றாவது வருஷம் எனக்குக் கல்யாணம் ஆனது. கணவர் ராணுவத்தில் இருந்தார். லீவு முடிந்து அவர் வடக்கே மலைக்குத் திரும்பிவிட, நான் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் சிதம்பரம் போய் எம்.எஸ்சி. இயற்பியல் படித்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்தால் விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்றே தெரியாது. தட்டையான வயல்களின்மேல், அவர் சொன்ன மலைகளை நானாக நட்டுவைத்துப் பார்ப்பேன்.

ஒரு மத்தியானம் சிதம்பரம் கீழ வீதியில் நின்றபோது அவரிடமிருந்து போன் வந்தது. பட்டாலியனில் துப்பாக்கி சுடும் போட்டிக்குப் பயிற்சி. உச்சியிலிருந்து பள்ளத்தில் நட்ட பலகையைச் சுட வேண்டுமாம்.

“நானூறு மீட்டர்னு அளந்து குடுத்தாங்க. குறிய நானூறுக்கு வச்சிதான் சுட்டேன். எல்லாம் பலகைக்கு மேல போயிடுச்சி.”

“கீழேர்ந்து மேல சுட்டா?”

“அப்பவும் மேலதான் போவுது. சமதரையில ஒண்ணுகூடத் தப்ப மாட்டேன்டி.”

எதிரே கோயில் கோபுரம். நிமிர்ந்து கலசத்தைப் பார்த்தேன். கண்ணுக்கும் கலசத்துக்கும் உள்ள தூரம் வேறு. என் காலுக்கும் கோபுரத்து அடிக்கும் உள்ள தூரம் வேறு. வெயிலில் இரண்டும் மெல்ல ஆடின.

“எவ்ளோ சரிவு மாமா?”

“நாப்பத்தஞ்சி டிகிரி இருக்கும்.”

“அப்ப எரநூத்தி எம்பதுக்கு வைங்க.”

“வெளையாடறியா? நானூறு போவணும் குண்டு.”

“போவட்டும். சரிவுல நானூறுன்னா தரைமட்டத்துல எரநூத்தி எம்பதுதான். அதுக்குத் தக்கனதான் பூமி குண்ட எறக்கும். மேல சுட்டாலும் கீழ சுட்டாலும் அதே கணக்குதான்.”

“துப்பாக்கியத் தொட்டதே கெடையாது நீ.”

“கொசைன் டேபிளத் தொட்டிருக்கேனே.”

சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

மூன்று நாள் போன் இல்லை. அங்கே காற்று எப்படி அடிக்கும் என்று நான் யோசிக்கவே இல்லையே என்று வகுப்பில் உட்கார்ந்து பயந்தேன். நாலாம் நாள், பஸ் வெள்ளாற்றுப் பாலம் ஏறும்போது கூப்பிட்டார்.

“அஞ்சுல நாலு!”

“அஞ்சாவது?”

“காத்து இழுத்துடுச்சி. யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டாங்க. பொண்டாட்டின்னேன். ஒருத்தனும் நம்பல. மத்த டிகிரிக்கும் எழுதி அனுப்பு.”

அன்றே இன்லண்ட் லெட்டரில் எழுதினேன். மலை ஒன்றும் வரைந்தேன். பார்த்ததில்லையா, மணல்மேடு மாதிரி வந்தது. அடுத்த லீவில் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்துக் காட்டினார். மடிப்பெல்லாம் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. அறுபது டிகிரியில் நானூறுக்கு இருநூறு என்று நான் எழுதிய வரிக்குப் பக்கத்தில், அவர் கையெழுத்தில், ‘பாதி. சரியா இருக்கு’ என்றிருந்தது.