இருபத்து நாலு ஆளும் பதினாறு நாளும்

என் வீட்டுக்காரர் சவுக்குத் தோப்பு ஒன்றுக்கு மேஸ்திரியாக இருந்தார். தோப்பு மெட்ராஸ் முதலாளி ஒருவருடையது. மகாபலிபுரத்துக்குத் தெற்கே, கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவில் நீளமாகக் கிடந்தது. அதற்குள்ளேயே எங்களுக்கு ஓட்டு வீடு. எழுபதுகளின் தொடக்கம் அது. கல்பாக்கத்தில் பெரிய பெரிய கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. சாரம் கட்டச் சவுக்குக் கழிக்குக் கிராக்கி. அதனால் திருட்டும் ஜாஸ்தி. மிளாறு, அதாவது சவுக்குச் சுள்ளி, பொறுக்க வருகிற பெண்களின் கட்டைப் பிரித்துப் பார்ப்பது, மணலில் புதுக் காலடி தெரிகிறதா என்று பார்ப்பது, இதெல்லாம் சாப்பிடும் முன் கை கழுவுவது மாதிரி எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. நான் யாரோடும் அதிகம் பேசமாட்டேன். வாய் சும்மா இருப்பதாலோ என்னவோ, கண்ணும் காதும் ஓயாமல் வேலை செய்யும்.

எங்களுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தது பெண், அடுத்தது பையன், கடைசி ஒரு குட்டிப் பெண். கிட்டத்தில் இருந்த பள்ளிக்கூடம் கால்வாய்க்கு அக்கரையில். படகில்தான் போகவேண்டும். மூத்தவள் மூன்றாவதும் பையன் ஒன்றாவதும் முடித்திருந்த நேரத்தில், ஒரு மழைக்காலத்தில், படகு பாதிக் கால்வாயில் ஒருபக்கமாகச் சாய்ந்தது. பையன் தண்ணீருக்குள் போய்விட்டான். அக்காக்காரி சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டாள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. சிலேட்டும் பையும்தான் போயின. நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே இருவரையும் வீட்டோடு நிறுத்திவிட்டு, இரண்டு வருஷம் நானே சொல்லிக்கொடுத்தேன். நான் எட்டாவது வரை படித்தவள். என்னை நிறுத்தியதற்குக் காரணம் படகு அல்ல; பெரியவளாகிவிட்டேன், அவ்வளவுதான்.

திருக்கழுக்குன்றத்தில் பழைய புத்தகம் விற்பவரிடம் கிடைத்ததை வாங்கி வந்தேன். ஒரு மூன்றாம் புத்தகம், ஒரு ஐந்தாம் கணக்கு, அட்டை போன தமிழ்ப் புத்தகம் ஒன்று. அது எந்த வகுப்பு என்று எனக்கே தெரியாது. பையன் நாலாவது என்பான், மூத்தவள் ஆறாவது என்பாள். யாருக்கு எதைக் கொடுப்பது என்பதே பெரிய பாடாக இருந்தது. நான் படித்த காலத்தில் கெஜமும் பர்லாங்கும். புத்தகத்தில் மீட்டரும் கிலோமீட்டரும். முந்தின நாளே நான் படித்துவைத்துக்கொண்டு மறுநாள் எல்லாம் தெரிந்தவள் மாதிரி சொல்லிக்கொடுப்பேன்.

மூன்றாம் வருஷம் கோடை. இந்த ஜூனில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தே ஆகவேண்டும் என்றார் வீட்டுக்காரர்.

"வூட்லயே வெச்சிகினு இன்னா பண்ணப்போற? நாளைக்கு எவனாவது சர்டிபிகேட் கேட்டா, எங்கம்மா சொல்லிக்குடுத்தாங்கன்னு சொல்வானா?"

அக்கரை வாத்தியாரைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். எந்த வகுப்புக்குத் தேறுவார்கள் என்று வீட்டில் பார்த்து முடிவு செய்துகொண்டு வாருங்கள், நான் ஒரு டெஸ்ட் வைத்துச் சேர்த்துக்கொள்கிறேன் என்றாராம் அவர். அந்தப் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. ஆறாவது என்றால் வேறு ஊர் பார்க்கவேண்டும்.

இந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார் செங்கல்பட்டிலிருந்து வந்தார். வீட்டுக்காரரின் அக்கா. சும்மா வரமாட்டார். ஒரு பலாப்பழமும், மூத்தவளுக்கு மட்டும் ஒரு புதுப் பாவாடையும் கொண்டுவந்தார். அப்போதே எனக்கு உறுத்தியது.

"ஏம்மே, பெரிய பொண்ணு ஆறாவது தேறிச்சின்னா என் வூட்டுக்கு அனுப்பிடு. பொம்பளப் பசங்க ஹைஸ்கூலு பக்கத்துலயே கீது. தேறலன்னா வாணாம், இங்கயே அஞ்சாவது படிக்கட்டும்."

அவர் மகளுக்கு அந்தத் தை மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. வீட்டில் தண்ணீர் தூக்க ஆள் இல்லை. படிக்கத்தான் கூப்பிடுகிறாரா, பாத்திரம் தேய்க்கக் கூப்பிடுகிறாரா? பலாச்சுளையை உரித்துக்கொண்டே அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே சமயம் இன்னொன்றும் எனக்குத் தெரியும். மூத்தவளுக்குப் பன்னிரண்டு நடந்துகொண்டிருந்தது. ஐந்தாவதில் போட்டால் ஒரு வருஷம் அதிலேயே போகும். அதற்குள் பெரியவளாகிவிடுவாள். பிறகு அவளை ஆறாவது படிக்க எவரும் எந்தப் பஸ்ஸிலும் ஏற்றிவிடமாட்டார்கள். இந்த ஜூனில் ஆறாவது, இல்லாவிட்டால் ஐந்தாவதோடு சரி.

சோதித்துப் பார்க்க உட்கார்ந்தேன். குட்டிக்கு மணலில் எழுத்து வந்தது; ஒன்றாவது போதும். பையன் நன்றாகத்தான் வாசித்தான். ஆனால் அக்கா பக்கத்தில் இருக்கும்போதுதான் நன்றாக வாசித்தான். அவள் உதடு அசைகிறதா என்று பார்ப்பதற்காக அவளைத் தள்ளி எனக்கு எதிரே உட்கார வைத்தேன். தடவித் தடவி வாசித்தான். நாலாவது என்று முடிவு செய்தேன்.

மூத்தவளிடம்தான் குழப்பம். போன மாதம் வரை தடையில்லாமல் வாசித்தவள், திடீரென்று நீளமான சொல் வந்தால் திக்கினாள். ஒரு நாள் கணக்கு கேட்டேன்.

"பன்னெண்டு ஆளு ஒரு தோப்ப எட்டு நாள்ல வெட்டுவாங்க. இருபத்து நாலு ஆளு வெட்டுனா எத்தினி நாளு?"

கொஞ்சம் யோசித்தாள். "பதினாறும்மா."

பட்டணத்துப் பிள்ளை அப்படிச் சொன்னால் நம்பலாம். இவள் பிறந்ததிலிருந்து தோப்பு வெட்டைப் பார்க்கிறவள். முதலாளி அவசரப்பட்டால் அப்பா அதிக ஆள் கூட்டிவருவதும், சீக்கிரம் முடிவதும் அவள் கண் முன்னால் நடப்பது. சிலேட்டைப் பிடிக்கும் முன்பே தெரிந்த விஷயம் அவளுக்கு எப்படித் தப்பும்?

அன்று வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அவ சொல்றது தாம்மே கரெக்ட்டு. இருபத்து நாலு பேரு வந்தா பீடி குடிக்கவும் நாயம் பேசவுமே பதினாறு நாளு ஆவும்."

"நீங்க எதனா சொல்லிக் குடுத்தீங்களா அவளுக்கு?"

"நா இன்னாத்துக்கு சொல்லப்போறன்?"

"உங்கக்கா?"

"எங்கக்கா அது ஆறாவது தேறணும்னுதான சொல்லிகினு போச்சு? தப்பு சொல்லச் சொல்லுமா? உனக்கு எங்கக்கா மேல ஒரு கண்ணு."

அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் இவர் மேலும் எனக்குச் சந்தேகம் போகவில்லை. பெண் அஞ்சாவது படித்தால் போதாதா என்று அவர் ஒருமுறை சொன்னதை நான் மறக்கவில்லை. இவரோ, அக்காவோ, மிளாறு பொறுக்க வரும் யாராவதோ பிள்ளை மனசில் எதையோ போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

தோப்பில் திருடரைப் பிடிக்க என் வீட்டுக்காரர் ஒரு வழி வைத்திருந்தார். சத்தமாக இருமிக்கொண்டு, செருப்பைத் தேய்த்துக்கொண்டு வடக்கே போவார். போய்விட்டார் என்று நினைத்து அரிவாள் மரத்தில் விழும். அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடல்பக்கமாகச் சுற்றி வருவார். சவுக்குச் சருகு மெத்தை மாதிரி கிடக்கும். வெறுங்காலில் நடந்தால் சத்தமே கேட்காது. நானும் அதையே செய்தேன். மறுநாள் மத்தியானத்தில் குடத்தை நாலு முறை வாசலில் இடித்து, "கேணிக்குப் போறேன்" என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுப் போனேன். கேணிக்கரையில் குடத்தை வைத்துவிட்டுச் சுற்றிக்கொண்டு வந்து, குளிக்கிற கீற்று மறைப்புக்குப் பின்னால் நின்றேன்.

மூத்தவள்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

"டேய், இருபத்து நாலு பேரு வெட்டுனா சீக்கிரம் முடியுமா, லேட்டாவுமா?"

"சீக்கிரம்."

"அப்ப பெருக்கறதா, வகுக்கறதா?"

"தெர்ல."

"மண்டு. ஆளு ரெட்டிப்பாச்சின்னா நாளு பாதி. நாலு நாளு."

"நீ மட்டும் அம்மாகிட்ட பதினாறுன்னு சொன்ன?"

"அது வேற."

"டெஸ்ட்டுலயும் அப்பிடியே தப்பா சொல்லுக்கா. சரியா சொன்னா அத்த வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. அப்பால படகுல என் கைய யாரு புடிச்சிக்கிறது?"

"சொல்றன்டா. மூக்கத் துட மொதல்ல."

நான் வந்த வழியே திரும்பிப் போய், தண்ணீர் இறைத்து, குடத்தோடு செருமிக்கொண்டு வந்தேன். இருவரும் சமர்த்தாகப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கேட்கவில்லை. கேட்டால் இன்னும் சாமர்த்தியமாக மறைப்பாள்; என் வயிற்றில் பிறந்தவள்தானே. அவள் எங்கேயும் போகாமல் என்னோடேயே இருந்துவிடுவாள் என்பதும் மனசில் ஒரு மூலையில் இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் நாலு நாள் என்று அவள் சொன்ன குரல் காதிலேயே நின்றது. அதட்டலோடு, வாத்தியாரம்மா மாதிரி.

அக்கரை வாத்தியாரின் டெஸ்ட்டுக்கு முன்னால் மூத்தவளைச் செங்கல்பட்டுக்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்பட்டார். நாத்தனார் எனக்கு ஆகாதென்று அவருக்குத் தெரியும். படகில் ஏறக்கூடாது என்று நான் எப்போதும் போல மணலில் நடந்து மகாபலிபுரம் போய், இரண்டு பிள்ளைகளோடு பஸ் பிடித்தேன். நாத்தனார் பள்ளிக்கூட வாசலில் காத்திருந்தார். பையனை அவரோடு வராந்தாவில் விட்டுவிட்டு, நானும் மூத்தவளும் உள்ளே போனோம்.

பெரிய டீச்சர் கண்ணாடி போட்டவர். என்னை மேலும் கீழும் பார்த்தார். ரெக்கார்டு ஷீட் மூன்றாவதோடு நிற்கிறதே என்றார். வீட்டில் படித்தாள் என்றேன். "யார் சொல்லிக்கொடுத்தது?" நான்தான் என்றேன், மேஜையைப் பார்த்துக்கொண்டு. அவர் இன்னொரு தடவை பார்த்தார்.

பிறகு மூத்தவளிடம் ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார். திக்கினாள். கணக்கு சொன்னார்.

"ஒரு ஹாஸ்டல்ல முப்பது பேருக்கு இருபது நாளைக்கு அரிசி இருக்கு. இன்னும் பத்துப் பேர் வந்து சேர்ந்தா எத்தனை நாளைக்கு வரும்?"

"இருபத்தஞ்சு, டீச்சர்."

"ஆள் கூடினா அரிசி அதிக நாள் வருமா? நல்ல ஹாஸ்டல்." அவர் புத்தகத்தை மூடினார். "ஆறாவது முடியாதும்மா. உங்க ஊர்லயே அஞ்சாவதுல போடுங்க."

சரி என்று எழுந்து வந்திருக்கலாம். எனக்குப் பிடிக்காத வீட்டுக்கு அவள் போகவேண்டாம், படகில் தம்பிக்கும் துணை இருக்கும். நாற்காலியை விட்டு எழுந்துகூட விட்டேன். மூத்தவள் கதவுப் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் சந்தோஷம் இருக்கும் என்று பார்த்தேன். இல்லை. ரிசல்ட் பார்க்க வந்த, யூனிபார்ம் போட்ட பெண்கள் சிலர் வராந்தாவில் போய்க்கொண்டிருந்தார்கள், அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவளுக்குத் தெரியுங்க," என்றேன். "தெரிஞ்சே தப்பா சொல்றா."

பெரிய டீச்சர் சிரித்தார். "இங்க வர்ற எல்லா அம்மாவும் அதைத்தான் சொல்றாங்க."

"அய்யோ, பொய் இல்லீங்க."

"உங்களுக்கு இடம் வேணும், அதுக்காகச் சொல்றீங்க. எனக்குத் தெரியாதா?"

நான் எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன். என்னை ஒருவர் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவரிடம் பேச முடியாது என்று தெரிந்ததும் மூத்தவளைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

"தம்பிய நான் கூட்டிகினு போறேன். படகுல, தினமும். கையப் புடிச்சிகினு."

அவள் கண் அகலமானது. எனக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. என் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"நீ ஏற மாட்ட."

"ஏறுவேன்."

"ரெண்டு வருசமா கரையாண்ட கூட நீ வந்ததில்ல. இன்னிக்கிக்கூட மணல்ல நடக்க வெச்சிதான கூட்டிகினு வந்த?"

"என்னம்மா இது, படகு, கரைன்னு?" என்றார் பெரிய டீச்சர்.

"தோ ஒரு நிமிஷங்க," என்றேன். ஒரு பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சரை நான் காத்திருக்கச் சொன்னேன் என்பதே பிறகுதான் எனக்கு உறைத்தது. மூத்தவளிடம் சொன்னேன், "எனக்கு பயம்தான். அவனுக்கும் பயம்தான். ரெண்டு பேரும் சேந்து பயந்துகினே போறோம். நீ அதுக்காவ நிக்க வாணாம்."

மூட்டையைப் பிரிக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். பிறகு மேஜைப் பக்கம் திரும்பினாள்.

"பதினஞ்சு நாளு, டீச்சர்."

பெரிய டீச்சர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் ஏதாவது சைகை காட்டியிருப்பேன் என்று நினைத்திருக்கவேண்டும். என்னை வெளியே போகச் சொன்னார். வராந்தாவில் நாத்தனாருக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே மூத்தவள் வாசிப்பது கேட்டது. எங்கும் திக்கவில்லை. பையனுக்கும் கேட்டது. அவன் அழ ஆரம்பித்தான். நாத்தனார் அவனைத் தன் மடியில் இழுத்து உட்கார்த்திக்கொண்டு, "இன்னாத்துக்குடா அழுவுற? ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம வருவா," என்றார். நிஜமாகவே அனுப்புவாரா என்று அப்போதும் நினைத்தேன். அவரைப் பற்றிய சந்தேகம் எனக்கு இன்றைக்கும் முழுசாகத் தீரவில்லை. ஆனால் அவர் வீட்டிலிருந்து அந்தப் பள்ளிக்கூட மணி கேட்கும். அது போதும் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஆறாவது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மூத்தவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பையன் என் மேல் சாய்ந்து தூங்கிவிட்டான். திருக்கழுக்குன்றம் தாண்டிய பிறகுதான் அவள் திரும்பினாள்.

"ஜூன்ல இல்ல. நாளைக்கே ஏறு. நான் பாக்கணும்."

"நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லியே."

"பள்ளிக்கூடம் இல்லன்னா இன்னா? படகு கீதே."

சரி என்றேன்.