பவதாரிணி போட்ட மேடு

பவதாரிணியைப் பற்றி எழுதச் சொன்னால் உருகி உருகி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். என் அப்பாவே எழுதுவார். நான் எழுதினால் அப்படி வராது. எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. அன்றைக்கும் ஆகாது, இன்றைக்கும் ஆகாது. ஆனால் என் அளவுக்கு அவளை உற்றுப் பார்த்தவர்கள் ஒருத்தரும் கிடையாது. அதனால் நானே எழுதுகிறேன்.

மதுரை பைபாஸ் ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மாடியில் எங்கள் ஆபீஸ். ட்ரோன் பறக்கவிட்டு எடுத்த படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் கம்ப்யூட்டரில் ஒட்டி, எது மேடு, எது பள்ளம், மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று வரைபடம் போட்டுக் கொடுப்போம். முதலாளி ஜெயபாண்டி சார். நான் ஆனிமேரி, ஆபீஸ் திறந்த நாளிலிருந்து அங்கே இருக்கிறேன். படம் கோணிக்கொண்டாலும், நடுவில் கறுப்புப் பட்டை விழுந்தாலும், ஒரு ஊர் நகர்ந்து போய் அடுத்த ஊர் மேல் உட்கார்ந்துகொண்டாலும், "ஆனிமேரியக் கூப்பிடுங்கப்பா" என்றுதான் சத்தம் வரும். அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அது நின்றுபோன பிறகுதான் தெரிந்தது.

நிறுத்தியவள் பவதாரிணி. மேலூர் பக்கம் ஓடைக்கரைப்பட்டிக்காரி. சொந்த நிலம் என்று ஒரு சாண்கூட இல்லாத குடும்பம். அவளுடைய அம்மா மலையம்மாள் அடுத்தவர் வயலில் நாற்று நட்டும் களை பறித்தும்தான் அவளைப் படிக்க வைத்தார். ஆறாம் வகுப்பிலேயே மதுரைக்கு வந்து மிஷன் பள்ளி ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாள். பிறகு கல்லூரி ஹாஸ்டல். அந்த மிஷன் பள்ளியில் அவளுக்குப் புவியியல் எடுத்தவர் சவரியப்பன் வாத்தியார். அவர் வேறு யாருமில்லை, என்னைப் பெற்றவர்.

வேலைக்கு வந்த அன்றைக்கே என் மேசைக்கு வந்து, "சவரியப்பன் சார் மகளாக்கா நீங்க? சார் உங்களப் பத்தி நெறையா சொல்லுவாரு" என்றாள். எனக்கு உள்ளூரக் குளிர்ந்துபோய்விட்டது. வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேட்டேன். என்னைப் பற்றி என்ன சொன்னார் என்று அவருக்கு ஞாபகமில்லை. பவதாரிணியைப் பற்றி எல்லாம் ஞாபகம் இருந்தது.

"மேப்பத் தலைகீழாக் குடுத்தாலும் படிப்பா அந்தப் புள்ள" என்றார்.

"அப்ப நான்?"

"நீயும் நல்லாத்தாம்மா படிச்ச."

இந்த 'நீயும்' என்பதைக் கேட்ட பிறகு யாருக்குச் சோறு இறங்கும்? அன்றைக்குத் தொடங்கியது எனக்கு எரிச்சல்.

அடுத்த நாளே அதில் எண்ணெய் விழுந்தது. திண்டுக்கல் ரோட்டில் பரவைப் பக்கம் ஒரு வேலை. நாங்கள் ட்ரோனில் எடுத்த உயரக் கணக்கையும், பக்கத்துப் பகுதிக்கு வேறொருவர் கொடுத்த உயரக் கணக்கையும் ஒட்டினால், இரண்டுக்கும் நடுவில் தொண்ணூறு மீட்டருக்கு மேல் செங்குத்தாக ஒரு பள்ளம் விழுந்தது. பரவையில் எங்கே இருக்கிறது அப்படி ஒரு பள்ளம்? நானும் மண்டையை உடைத்துக்கொண்டு கிடந்தேன். தண்ணீர் பாட்டிலோடு அந்தப் பக்கம் போன பவதாரிணி திரையை எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணு கடல் மட்டத்துலருந்து எண்ணியிருக்குக்கா. இன்னொண்ணு ஜிபிஎஸ் பூமிக்குன்னு கணக்குல வச்சிருக்குற உருண்டையிலருந்து எண்ணியிருக்கு. நம்ம பக்கம் அந்த ரெண்டுக்கும் இம்புட்டு வித்தியாசம் வரும். ஒண்ண மாத்திட்டா ஒட்டிக்கிரும்."

மாற்றினேன், ஒட்டிக்கொண்டது. சார் கைதட்டினார். நானும் சிரித்த முகத்தோடு கைதட்டினேன். எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் அது, அதனால்தான் வயிறு கூடுதலாக எரிந்தது.

அதன் பிறகு "பவதாரிணியக் கூப்பிடுங்கப்பா" என்றுதான் ஆபீசில் சத்தம். நான் என்ன செய்வேன்? அவள் டீ குடிக்க இறங்கும்போதெல்லாம் அவள் போட்ட படத்தை என் கம்ப்யூட்டரில் திறந்து, அடுக்கு அடுக்காகப் பிரித்து, எங்கேயாவது ஒரு ஓட்டை இருக்காதா என்று பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் பொறாமையைப் பற்றிப் பிரசங்கம் வைத்தால் குனிந்து சேலை மடிப்பைச் சரிசெய்வேன். ஓட்டை மட்டும் கிடைக்கவே இல்லை. படுபாவி, அவ்வளவு சுத்தமாக வேலை செய்வாள்.

அப்போதுதான் ஓடைக்கரைப்பட்டி வேலை வந்தது. முந்தின மழைக்கு அந்த ஊர்க் கண்மாய் நிரம்பி வழிந்து, தண்ணீர் கிழக்கே காலனித் தெருவுக்குள் புகுந்துவிட்டது. இனி வழிகிற தண்ணீர் வீடுகளுக்குள் போகாமல் புதிதாக ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டும். எங்கே வெட்டுவது, எந்தப் பக்கம் கரை போடுவது என்பதெல்லாம் எங்கள் படத்தை வைத்துத்தான் முடிவாகும். படம் தப்பினால் அடுத்த மழைக்கும் காலனிக்குள் தண்ணீர்தான். அந்தக் காலனியில்தான் மலையம்மாள் குடியிருக்கிறார்.

"இத நான் போடுறேன் சார், எங்க ஊரு" என்று வாங்கிக்கொண்டாள்.

படம் அழகாக வந்திருந்தது, அதை மறுக்க மாட்டேன். கண்மாய்க்கும் காலனிக்கும் நடுவில் மேட்டுப்புஞ்சை என்று ஒரு இடம். பெயருக்கு ஏற்றபடி படத்திலும் மேடாக உட்கார்ந்திருந்தது. வழிகிற தண்ணீர் அதில் முட்டி வடக்கே திரும்பிப் புறம்போக்கு வழியாகப் போகிறது. அங்கே வாய்க்கால் இல்லாததால்தான் போன மழைக்குச் சுற்றிக்கொண்டு காலனிக்குள் புகுந்தது என்பது அவள் கணக்கு. வடக்கே வாய்க்கால் வெட்டினால் போதும், காலனிப் பக்கம் கரையே வேண்டாம். சார் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். "சொந்த ஊர்க்காரி போட்டா எப்பிடி இருக்கு பாத்தியா ஆனிமேரி?" என்று என்னைத் தனியாக வேறு கேட்டார்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும் நான் திறந்து உட்கார்ந்தேன். மேட்டின் படத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். அடியில் ட்ரோன் எடுத்த போட்டோவைப் போட்டேன். மேட்டுப்புஞ்சை முழுக்கச் சீமைக்கருவேலம். பச்சை எங்கே முடிகிறதோ அங்கேயே மேடும் முடிந்தது. ஒரு மூலையில் பச்சை உள்ளே வளைந்திருந்தது, மேடும் அதே இடத்தில் அதே மாதிரி உள்ளே வளைந்திருந்தது. கடவுள் போட்ட மண்மேடு மரம் நிற்கிற இடமாகப் பார்த்து ஏறி, மரம் முடிகிற இடத்தில் வெட்டினாற்போல் இறங்குமா?

ட்ரோன் மேலே பறக்கிறது. மேலே இருந்து எது தெரிகிறதோ அதுதான் அதற்குத் தரை. தனித்தனியாக நிற்கிற மரம் என்றால் சுற்றிலும் மண் தெரியும், அதை வைத்து மரத்தை மட்டும் கழித்துவிடலாம். கருவேலம் இண்டு இடுக்கில்லாமல் அடைத்துக்கொண்டு நின்றால் மண்ணே தெரியாது. மரத்து உச்சியையே தரை என்று எடுத்துக்கொள்ளும். அவள் படத்தில் மேடு என்று இருந்ததெல்லாம் கருவேலத்தின் தலை.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். சாப்பிட்டு வந்தவர்கள் கையைத் துடைக்கும் முன்னால் சாரைக் கூப்பிட்டுப் பெரிய திரையில் போட்டுக் காட்டினேன். பவதாரிணி அசரவில்லை.

"மரம் இருக்குறது எனக்குத் தெரியும்க்கா. மரம் கொஞ்சம் சேந்திருந்தாலும் அது மேடுதேன். சின்னப் பிள்ளையில அதுல ஏறி நின்னா எங்க தெருவே தெரியும்."

"நீ ஏறி நின்னது எப்ப? படம் எப்ப எடுத்தது?"

"மண்ணு எங்கக்கா போயிரும்?" என்று சிரித்தாள்.

சார் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "போயிப் பாத்துட்டு வந்துருங்கம்மா" என்றார். மறுநாள் காலையில் நானும் அவளும் மேலூருக்கு பஸ் ஏறினோம். களத்தில் அளவு எடுக்கிற சிவபாண்டி ஜிபிஎஸ் கம்போடும் அரிவாளோடும் பைக்கில் முன்னால் போய்விட்டான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவன் முள்ளை வெட்டிக்கொண்டே உள்ளே போயிருந்தான். வெளியிலிருந்து பார்த்தால் கருவேலம் சுவர் மாதிரி நின்றது. கொஞ்ச நேரத்தில் அவன் குரல் கீழேயிருந்து வந்தது.

"அக்கா, நான் குழிக்குள்ள நிக்கிறேன். என் தலைக்கு மேல கெடக்கு கரை."

பவதாரிணி முள்ளைக்கூடப் பார்க்காமல் உள்ளே நுழைந்தாள். நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே போனேன். மேடும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆள் உயரத்துக்கு மண்ணை வெட்டி எடுத்த பள்ளம், காலனிப் பக்கமாகச் சரிந்து கிடந்தது. அதற்குள்ளிருந்துதான் அத்தனை கருவேலமும் முளைத்து மேலே வந்திருந்தது. வடக்கே போகும் என்று அவள் காட்டிய தண்ணீர், நேராக இதில் இறங்கிக் காலனிக்குத்தான் போகும். அவள் கையில் கீறி ரத்தம் வந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அங்கிருந்து காலனி வீட்டுக்குப் போனோம். மலையம்மாள் விஷயத்தைக் கேட்டுவிட்டு மகளைத்தான் பார்த்தார்.

"மண்ணள்ளி வருசக்கணக்கா ஆச்சேடி. லாரி லாரியா அள்ளுனாய்ங்க. நீ ஹாஸ்டல்ல இருந்த."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"போன்ல சாப்புட்டியா, காய்ச்சல் விட்டுச்சான்னு கேப்பனா, மண்ணு அள்ளுறதச் சொல்லிக்கிட்டு இருப்பனா?"

எனக்குக் கடையிலிருந்து கலர் சோடா வாங்கிவந்து கொடுத்தார். "வாத்தியாரு மகளா? ஒங்கப்பா இல்லேன்னா இவ ஏது" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர் வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கறை இருந்தது. அரிசி மூட்டையை மரப்பலகை போட்டு அந்தக் கறைக்கு மேலே தூக்கி வைத்திருந்தார். அதைப் பார்த்த பிறகும் என் சந்தோஷம் முழுக்கப் போய்விடவில்லை. பாதி போனது.

திரும்பும்போது மேலூர் பஸ் ஸ்டாண்டில், இப்போது அழுவாள், நான் ஆறுதல் சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவள் அழவில்லை. போனை எடுத்து சாரைக் கூப்பிட்டாள்.

"சார், என் படம் தப்பு. ஆனிமேரி அக்கா சொன்னதுதான் சரி. நானே போயிப் பாத்திருக்கணும், தெரிஞ்ச ஊருன்னு விட்டுட்டேன். புதுசா அளந்து போடுறேன்."

அவ்வளவுதான். மறுநாள் ஆபீசில் யார் வந்தாலும் சாருக்கு அதே பேச்சு. "தப்புன்னா தப்புன்னு சொல்லுது பாருங்க அந்தப் புள்ள, இந்தக் காலத்துல யாரு சொல்லுவா?" தப்பைப் பிடித்தவள் நான். பெயர் அவளுக்கு. தப்புப் பண்ணியும் மேலே போகிறவளை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? வீட்டில் போய் அப்பாவிடம் கொட்டினேன்.

"ஒத்துக்கிட்டா பாத்தியா, அதுதாம்மா பவதாரிணி" என்றார்.

"கண்டுபிடிச்சது நான்ப்பா."

"ஆமா, நீயும் கெட்டிக்காரிதான்."

தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டேன்.

அவளும் சிவபாண்டியும் அந்த முள்ளுக்குள் தினமும் போய், கம்பை மண்ணில் ஊன்றி ஊன்றி அளந்தார்கள். மரம் மறைத்த இடமெல்லாம் கையால் அளந்த உயரத்தை வைத்துப் புதிதாகப் படம் போட்டாள். மேடு போய்ப் பள்ளம் வந்தது. தண்ணீர் காலனியைப் பார்த்துத் திரும்பியது. காலனிப் பக்கம் கரை கட்டாயம் வேண்டும் என்று கோடு போட்டாள். சார் பார்த்து சரி என்றுவிட்டார். இனி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அப்போது என் மேசைக்கு வந்து நின்றாள்.

"அக்கா, இத நீங்க பாத்துச் சொன்னாத்தேன் அனுப்புவேன்."

"அதான் சார் பாத்துட்டாருல்ல. சிவபாண்டி கூடவே இருந்து அளந்திருக்கான். அப்பறம் நான் எதுக்கு?"

"அவங்களுக்கெல்லாம் என்னப் பிடிக்கும்க்கா" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகத்தில் கேலியும் இல்லை, கோபமும் இல்லை.

"நான் மேடுன்னா மேடுன்னு விட்டுருவாங்க. போன தடவ விட்டாங்கள்ல? நானே விட்டேனே. நீங்க விடல. வந்த நாள்லருந்து பாக்குறேன், நான் டீக்கு எறங்குனா என் படத்தத் தொறந்து பாக்குறீங்க. ஏன் பாக்குறீங்கன்னும் தெரியும். எங்கம்மா அந்த வீட்டுலதான்க்கா படுக்குது. எனக்குப் பாவம் பாக்காத கண்ணு வேணும்."

என் முகத்தில் ஈயாடவில்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுப் படத்தைத் திறந்து கொடுத்துவிட்டு, வேண்டுமென்றே டீ குடிக்க இறங்கிப் போனாள்.

நான் பார்த்தேன். அடுக்கு அடுக்காகப் பிரித்தேன். பள்ளத்தின் ஓரத்தையும் கண்மாய்க் கரையையும் உருப்பெருக்கிப் பார்த்தேன். அவள் அளந்த ஒவ்வொரு புள்ளியையும் போட்டோவோடு வைத்துப் பார்த்தேன். கடல் மட்டத்திலிருந்து எண்ணியிருக்கிறாளா என்றுகூடப் பார்த்தேன். ஒரே ஒரு தப்பு இருந்திருந்தால் போதும், அவளை விட்டிருக்க மாட்டேன். கீழே பேக்கரியில் விளக்குப் போட்டுவிட்டார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. வயிறு எரிய எரிய, 'சரியாக இருக்கிறது, அனுப்பலாம்' என்று எழுதி அடியில் என் பெயரைப் போட்டேன்.