முழுப் பேர்

இந்தியாவிலிருந்து வந்த கூலிகள் இந்த நாட்டுச் சோற்றைத் தின்று தீர்க்கிறார்கள் என்று அந்த நாட்களில் கண்டி டவுனில் ஒரு பேச்சு அடிபட்டது. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாங்கள் ஹந்தானை மலையில் தேயிலைக் கொழுந்து பறித்தால்தான் டவுனில் வண்டி ஓடும், கடை திறக்கும். இது என் பெருமைப் பேச்சு இல்லை. நாங்கள் துணி எடுக்கிற கடையின் முஸ்லிம் முதலாளியே சொன்னது.

"தோட்டத்தில சம்பளம் போட்டாத்தான் புள்ள எங்கட கடையில யாவாரம். நீங்க எறங்கி வராத மாசம் நாங்க ஈ ஓட்டுறம்."

அப்படி ஊரையே வாழவைத்தவர்களில் என் அக்காவும் ஒருத்தி. மலையில் கொழுந்து பறிக்கும்போது அவளுக்கு அடுத்த நிரை என்னுடையது. தேயிலை விலை விழுந்த வருஷங்கள் அவை.

தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்போம். சொன்ன அளவு கொழுந்து நிறுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். சாயங்காலம் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குத் திரும்புகிறவர்களைப் பார்த்து முதலில் கேட்பதே "என்ன பேரு?" என்றுதான். விலை விழுந்ததும், அடிக்கடி அரைப் பேர் வாங்குகிறவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று லயமெல்லாம் ஒரே கிலி.

அக்காவுக்கு அந்தக் கிலி மற்றவர்களைவிட அதிகம். விவரம் தெரியாத வயதில் இங்கே வந்தவள். பிள்ளை வயிற்றிலிருக்கும்போதே புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்பின் தெரியாத ஊரில் யார் வாசலில் போய் நிற்பாள்? குழந்தைக்கு இன்னும் பேர்கூட வைக்கவில்லை. சம்பளம் போட்டதும் புதுத்துணி எடுத்து, கோயிலில் வைத்துப் பேரிடலாம் என்றிருந்தாள்.

அன்று காலையிலேயே பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளை மடுவத்தில், ஆயாவிடம் கொடுத்துவிட்டு அக்கா மலையேறினாள். மத்தியானம் ஆயா ஆளனுப்பினாள். பிள்ளை பால் குடிக்கவில்லையாம், கண்ணைத் திறக்கவில்லையாம். அக்கா கங்காணியிடம் ஓடினாள்.

"எறங்குறதுன்னா எறங்கு. அரைப் பேருதான். இந்த மாசம் ஒனக்கு ஏற்கனவே நெறைய அரைப் பேரு. அப்புறம் என்னையக் குத்தம் சொல்லாத," என்றான்.

அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கும் அதே பயம்.

"நீ போக்கா, ஒங் கூடைக்கும் சேத்து நா பறிக்கிறேன்," என்றேன்.

"நா நிரையில நிக்கலன்னா எனக்கு எப்படிடி பேரு விழும்? அவன வச்சிக்கிட்டு நா எங்க போவேன்?"

திரும்பவும் நிரைக்கே போனாள். அப்படி ஒரு பறிப்பை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. கண்ணீர் ஒரு பக்கம் ஓட, கை ஒரு பக்கம் ஓடியது. பால் கட்டி ரவிக்கை நனைந்துவிட்டது. சாயங்காலம் தராசில் அவள் கூடைதான் எல்லாரையும்விடக் கனம்.

கொழுந்தைக் கொட்டியதும் இரண்டு பேரும் மடுவத்துக்கு ஓடினோம். ஆயா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளையைத் துணியால் முகம் மூடி வைத்திருந்தாள். அக்கா அழவில்லை. பிள்ளையை வாங்கி மார்போடு சேர்த்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

தோட்டத்து மருந்து ஐயா வந்தார். யாழ்ப்பாணத்து ஆள். பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"பேர் என்ன?"

"முழுப் பேருங்கய்யா," என்றாள் அக்கா.

ஐயாவுக்கு முதலில் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

"பிள்ளையின்ர பேரைக் கேக்கிறன், அம்மா."

அக்கா அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு துணியை விலக்கிப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். "இன்னும் வைக்கலிங்களே," என்றவள் அப்படியே தரையில் சரிந்து விழுந்து கதறினாள்.

மறுநாள் காலை, தேயிலை மலைக்கு ஓரத்தில் குழி வெட்டினார்கள். செத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அழுவது எங்கள் வழக்கம். மண் தள்ளும்போது பெண்கள் எல்லாரும் வாயைத் திறந்தோம். எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்று ஒருத்திக்கும் தெரியவில்லை.